மருந்துக் காப்புரிமையை எதிர்க்கும் உரிமைக்குக் கட்டணம் எதற்கு?

பெடாகுவிலின் என்ற காசநோய் மருந்துக்குக் கேட்கப்பட்ட இன்னொரு காப்புரிமையை, அதாவது வேறு யாரும் அதைத் தயாரித்து விற்க முடியாதபடி குறிப்பிட்ட காலத்துக்குத் தரப்படும் தனியுரிமையை, 2023 மார்ச்சில் நிராகரித்தது மும்பைக் காப்புரிமை அலுவலகம். அது சயான் கோலிவாடாவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஆன்டாப்ஹில்லில்தான் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் குடியிருக்கும் நம் தமிழர்களில் பெரும்பாலோருக்கு அது ஏதோ ஓர் அரசுக் கட்டடம், அவ்வளவே. ஆனால் நம் வீட்டு மருந்துச் சீட்டின் விலையில் பாதி அங்கேதான் தீர்மானமாகிறது என்பது என் எண்ணம்.

அந்த வழக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு, கானமைசின் போன்ற ஊசிகளை மாதக்கணக்கில் போட்டுக்கொள்வதே முன்பு வழியாக இருந்தது. அதில் பலருக்குக் காது கேட்காமலே போனது. கிருமி தனக்கான ஆற்றலை உண்டாக்கிக்கொள்ளும் நொதியை முடக்கும் மாத்திரையாக பெடாகுவிலின் 2012 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் காசநோய்க்குக் கிடைத்த முதல் புது வகை மருந்து அது. அந்தக் கண்டுபிடிப்புக்கான மூலக் காப்புரிமையை யாரும் குறை சொல்ல முடியாது. இந்தியாவில் அது 2023 ஜூலையில் முடிய வேண்டியிருந்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனமோ அதே மருந்தை ஓர் அமிலத்தோடு சேர்த்துப் பெறும் ஃபியூமரேட் உப்பு வடிவத்துக்குத் தனியாக விண்ணப்பித்து, ஏகபோகத்தை 2027 வரை நீட்டிக்கப் பார்த்தது. இதற்கு 2019-ல் எதிர்ப்பு மனு கொடுத்தவர்கள் மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேயும். இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். சிகிச்சைக்குத் தந்த மருந்தாலேயே செவித்திறனை இழந்தவர்கள்.

அவர்களுக்கு விற்க ஒரு போட்டி மருந்து கிடையாது, பின்னால் ஒரு தொழிற்சாலை கிடையாது. ஆயினும் அவர்கள் மனுவை அலுவலகம் கேட்டே ஆக வேண்டியிருந்தது. ஏனெனில் காப்புரிமை வழங்கப்படும் முன்பு எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம் என்கிறது சட்டத்தின் 25(1) பிரிவு. நம் காப்புரிமைச் சட்டத்தில் நான் மிக உயர்வாக மதிப்பது இந்த ஒரு வாசலைத்தான்.

இந்தச் சட்டத்தின் வேரில் நம்மவர் ஒருவர் இருக்கிறார் என்பதையும் இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. 1959-ல் நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார் அளித்த அறிக்கை, இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டார் கையில் இருப்பதையும், அவற்றில் மிகப் பெரும்பாலானவை இங்கே செயல்படுத்தப்படாமலே, அதாவது உற்பத்திக்கு வராமலே, கிடப்பதையும் எடுத்துக்காட்டியது. அதன் வழியில் வந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டும் உண்டு என்றது. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்தால் 2005-ல் பொருள் காப்புரிமை திரும்பி வந்தது. அப்போது திருத்தப்பட்ட 3(டி) பிரிவு, தெரிந்த மருந்தின் புது வடிவம் நோயைத் தீர்ப்பதில் கூடுதல் பலன் தராவிட்டால் அது கண்டுபிடிப்பாகாது என்றது. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கிளீவெக் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்து வழக்கில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது இதைத்தான்.

உண்மையான உழைப்புக்குப் பலன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனத்தில் இதய அறுவை மருத்துவர் வலியத்தானின் குழுவினர் செயற்கை இதய வால்வு செய்தபோது முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. வால்வைத் திறந்து மூடும் வில்லையைச் செயற்கை நீலக்கல்லில் செய்து பார்த்தார்கள். அது தன்னைத் தாங்கிய டைட்டானியத்தைத் தேய்த்துத் தின்றுவிட்டது. கடைசியில் உயர்தர பாலிஎத்திலீன் வில்லையோடு நான்காவது மாதிரி வெற்றி பெற்று, 1990 டிசம்பரில் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. இத்தகைய பாடு பட்டவருக்கு இருபது ஆண்டுப் பாதுகாப்பு நியாயமே. பழைய மருந்தோடு ஓர் உப்பைச் சேர்த்துவிட்டு அதே பாதுகாப்பைக் கேட்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட விதிகள், அதுவரை கட்டணமின்றி இருந்த இந்த எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் விதித்தன. மனு விசாரணைக்கு ஏற்றதுதானா என்பதை அதிகாரி முதலில் முடிவு செய்யவும் வழி வகுத்தன. பினாமி பெயர்களில் மனு மேல் மனு போட்டு விண்ணப்பங்களை இழுத்தடிக்கிறார்கள் என்று நிறுவனங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் பினாமியை ஏவுகிற போட்டி நிறுவனத்துக்கு இந்தக் கட்டணம் ஒரு பொருட்டா? பரேலில் புற்றுநோய் மருத்துவமனையை ஒட்டிய மருந்துக் கடைகளில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சீட்டை நீட்டி, மொத்தத்துக்கும் விலை கேட்டு, பத்து நாளைக்கு மட்டும் கொடுங்கள் என்பவர்களைக் காணலாம். கட்டணம் உறுத்துவது அவர்களைத்தான்.

அதே திருத்தத்தில் அதிகம் பேசப்படாத இன்னொன்றும் உண்டு. காப்புரிமை பெற்றவர் அதை இந்தியாவில் எந்த அளவு செயல்படுத்தினார் என்று ஆண்டுதோறும் தர வேண்டிய அறிக்கை, மூன்றாண்டுக்கு ஒரு முறை என்றாகிவிட்டது. 2012 மார்ச்சில் பேயர் நிறுவனத்தின் நெக்ஸவார் என்ற புற்றுநோய் மருந்துக்கு இதே மும்பையில் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமை பெற்றவரின் சம்மதமின்றியே இன்னொருவர் தயாரிக்க அனுமதி, வழங்கப்பட்டு, மாதம் 2,80,000 ரூபாயைத் தாண்டிய மருந்தை நாட்கோ நிறுவனம் 8,880 ரூபாய்க்குத் தர முடிந்ததில், பேயர் தானே தாக்கல் செய்திருந்த இத்தகைய அறிக்கைகளும் சான்றாக இருந்தன. கல்லீரல் புற்றுநோயாளி ஒருவருக்கு மூன்றாண்டு என்பது எவ்வளவு நீளம் என்பதை விதி எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

நோயாளிகளும் அவர்களது சங்கங்களும் கொடுக்கும் எதிர்ப்பு மனுவுக்குக் கட்டண விலக்கு வேண்டும். செயல்பாட்டு அறிக்கை மீண்டும் ஆண்டுதோறும் வர வேண்டும். இவை வெறும் விதிகள் என்பதால் சட்டத்தையே திருத்த வேண்டியதில்லை. வணிக, தொழில் அமைச்சகத்தின் ஓர் அறிவிக்கை போதும். நெல்லைக்குக் கூடுதல் ரயில் கேட்டு மனு எழுதிப் பழகிய நம் மும்பைத் தமிழ்ச் சங்கங்கள் இதற்கும் ஒரு மனு எழுதலாம்.