வரைபடப் பிரிவுக்கு முதலில் யாரை வேலைக்கு எடுக்க வேண்டும்?

சென்ற வாரம் என் சித்தி மகன் ஒரு வேலை விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அக்கா, இதுக்கு விண்ணப்பிக்கலாமா?" என்று கேட்டிருந்தான். ஓர் ஊராட்சி மன்றத்தின் வரைபடப் பிரிவில் ஜி.ஐ.எஸ். (இடத் தகவல்களைக் கணினி வரைபடத்தில் சேர்த்து வைக்கும் முறை) மென்பொருள் வேலை, ஓராண்டு ஒப்பந்தம். நிரல் எழுத வேண்டும், தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், டிரோன் பறக்கவிட வேண்டும், பழைய வரைதாள்களைக் கணினியில் ஏற்ற வேண்டும், மற்றத் துறையினருக்குப் பயிற்சியும் கொடுக்க வேண்டும். மலேசியாவின் பினாங்கில் அப்படியொரு பிரிவில் ஆறாண்டுகள் ஒப்பந்த ஊழியராக இருந்த எனக்கு அதைப் படித்ததும் கவலைதான் வந்தது. ஒரே ஆளின் தலையில் ஐந்து பேரின் வேலையைச் சுமத்தியிருந்தார்கள். அப்படியும் எந்த வேலை நின்றால் வரைபடமே செத்துப்போகுமோ அந்த வேலை அதில் இல்லை. களத்தில் நடக்கும் மாற்றத்தை அன்றன்றே கேட்டு வாங்கிப் பதிவு செய்வதைத்தான் சொல்கிறேன்.

ஒரு மழைநாளில் பொறியியல் பிரிவின் மேற்பார்வையாளர் ஒருவர், ஓரம் நனைந்த வரைதாளோடு என் மேசைக்கு வந்தார். அதில் ஒரு வடிகால் குழாயின் அளவு 900 மில்லிமீட்டர் என்று அச்சாகியிருந்ததைச் சிவப்புப் பேனாவால் அடித்து 1500 என்று எழுதியிருந்தார். "இந்தக் குழாயை மாத்தி மூணு வருஷம் ஆச்சும்மா, உங்க படத்துல இன்னும் பழைய அளவுதான் இருக்கு" என்றார். அவருடைய மேசை இழுப்பறையில் அப்படித் திருத்திய தாள்கள் ஒரு கட்டு இருந்தன. அவர் கடமை தவறவில்லை. அவற்றை யாரிடம் கொடுப்பது என்று மன்றத்தில் ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் வந்த வெள்ளத்தைப் பார்த்த பினாங்குக்காரர்களுக்கு, வடிகாலின் அளவு வரைபடத்தில் தவறாக இருந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இது ஆட்களின் குறையைவிட அமைப்பின் குறை என்றே நான் கருதுகிறேன். நகரத் திட்டமிடல் 1976ஆம் ஆண்டின் 172ஆம் சட்டத்தின் கீழும், சாலை, வடிகால், கட்டடங்கள் 1974ஆம் ஆண்டின் 133ஆம் சட்டத்தின் கீழும், மதிப்பீட்டு வரி 1976ஆம் ஆண்டின் 171ஆம் சட்டத்தின் கீழும் வருவதால், ஒரே மனையைப் பற்றிய தகவல் மூன்று துறைகளில் மூன்று விதமாக இருக்கிறது. ஒவ்வொன்றையும் அந்தந்தத் துறையே தனியாகப் பார்த்துக்கொள்கிறது. வரைபடப் பிரிவைத் தகவல் தொழில்நுட்பத் துறைக்குள் வைத்தால் அது கணினி பழுது பார்க்கும் இடமாகிவிடுகிறது. திட்டமிடல் துறைக்குள் வைத்தால் மற்றத் துறைகள் அதை அந்நியமாகவே பார்க்கின்றன. அரசுப் பணி வகைப்பாடும் இந்தப் பிளவை வளர்க்கிறது. கணினிக்காரர்கள் எஃப் பிரிவு, பொறியாளர்களும் நகரத் திட்டமிடல் அதிகாரிகளும் ஜே பிரிவு. இரண்டும் தெரிந்தவர் எதில் சேர்ந்தாலும் அவருடைய பாதி அறிவு பதவி உயர்வில் கணக்கில் வருவதில்லை. ஆகவே இந்தப் பிரிவு மன்றச் செயலாளரின் நேரடிப் பார்வையில் இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. எல்லாத் துறைகளிடமும் "இந்த மாத மாற்றங்கள் எங்கே?" என்று கேட்கும் அதிகாரம் அங்கேதான் இருக்கிறது.

தொடக்கத்தில் மூன்று நிரந்தரப் பணியிடங்கள் போதும். முதலில் எடுக்க வேண்டியவர் நிரலாளர் அல்லர், நில அளவை தெரிந்தவர். பினாங்கின் பழைய நில அளவைத் தாள்களில் இடங்களைக் குறிக்கும் எண்கள், அதாவது காசினி என்ற முறையின் ஆயத்தொலைவுகள், ஜார்ஜ் டவுனில் உள்ள கார்ன்வாலிஸ் கோட்டையைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டவை. மலேசியத் தீபகற்பம் முழுவதற்குமான ஆர்.எஸ்.ஓ. என்ற வரைபட முறை வேறு, இடங்களை அளக்க 2003இல் வந்த ஜி.டி.எம். 2000 என்ற அடித்தளம் வேறு. உரிய மாற்றம் செய்யாமல் இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் கால்வாய்க் கோடு பக்கத்து மனைக்குள் போய் விழும். திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. அதைக் கண்ணால் பார்த்ததும் சந்தேகப்படத் தெரிந்தவர் வேண்டும். இரண்டாமவர் தரவுத்தளமும் நிரலும் அறிந்தவர். மூன்றாமவர் வாரந்தோறும் துறை துறையாகப் போய், அந்த இழுப்பறைகளைத் திறக்கச் சொல்லிக் கேட்பவர். படிப்பில் பெரிய பட்டம் இல்லாவிட்டாலும் மேற்பார்வையாளர்களோடு தேநீர்க்கடையில் உட்கார்ந்து பேசத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. டிரோன் வேலையைத் தேவைப்படும்போது வெளியாரிடம் கொடுக்கலாம்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வரைபடம் வரையும் கியூஜிஐஎஸ், அதன் தரவைச் சேமிக்கும் போஸ்ட்ஜிஐஎஸ் போன்ற திறந்த மூல மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணமே கிடையாது. அன்றாட வேலையில் பெரும்பகுதியை அவற்றிலேயே முடிக்கலாம். மிச்சமாகும் பணத்தைச் சம்பளத்துக்குத் திருப்பலாம். நான் விலகியபோது என் இடத்துக்கு வர யாரும் நியமிக்கப்படவில்லை. கடவுச்சொற்களை ஒரு உறையில் போட்டு, ஒட்டி, எழுத்தரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். ஆறாண்டு உழைப்பை அப்படி ஒப்படைத்தது இன்னும் எனக்கு வலிக்கிறது.

தம்பியிடம் விண்ணப்பிக்கச் சொன்னேன். ஆனால் நேர்முகத் தேர்வில், சம்பளத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, "சாலையில் ஒரு குழாயை மாற்றினால் அந்தத் தகவல் எத்தனை நாளில், யார் மூலமாக என்னிடம் வரும்?" என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். அவர்களால் ஒரு பெயரைச் சொல்ல முடிந்தால் அவன் சேரட்டும்.