30 நொடி காக்கவைத்துவிட்டு ஒன்றுமே சொல்லாத எர்ரர்

நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்த வேலை. எக்ஸ்பிரஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்கில் எழுதிய சின்ன அப்ளிகேஷன் ஒன்றை கிளவுட்டில் இருக்கும் மோங்கோடிபி என்ற நோஎஸ்கியூஎல் (டேபிள்கள் இல்லாத) டேட்டாபேஸோடு இணைக்க வேண்டும், அவ்வளவுதான். கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கை (டேட்டாபேஸின் முகவரியும் பாஸ்வேர்டும் சேர்ந்த ஒரு வரி) காப்பி பண்ணு, பாஸ்வேர்டைப் போடு, வேலை முடிந்தது என்று எல்லா டுடோரியலும் சொல்கிறது. என் லேப்டாப்பில் அப்படித்தான் முடிந்தது. சர்வரில் ஏற்றிய பிறகு ராத்திரி ஒரு மணி வரை உயிரை வாங்கிவிட்டது.

வந்த எர்ரர் என்ன தெரியுமா? யூசர்ஸ் கலெக்‌ஷனில் (டேபிள் மாதிரி ஒரு தொகுப்பு) தேடும்போது "பஃபரிங்" 10000 மில்லிசெகண்டில் டைம்அவுட் ஆகிவிட்டதாம். இதைப் படிப்பவர் என்ன நினைப்பார்? குவெரி மெதுவாக ஓடுகிறது என்றுதானே? நானும் அப்படித்தான் நினைத்து தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரம் போனது. உண்மையில் குவெரி டேட்டாபேஸ் பக்கமே போகவில்லை! கனெக்‌ஷன் கிடைக்கும் வரை மங்கூஸ் (நம் கோடுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் இருக்கும் லைப்ரரி) குவெரிகளைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்கிறது. பத்து நொடி பார்த்துவிட்டுக் கைவிரிக்கிறது. அதற்குக் கீழே, டேட்டாபேஸோடு நேரடியாகப் பேசும் டிரைவரோ 30 நொடி வரை சர்வரைத் தேடிக்கொண்டிருக்கிறது. அதாவது பத்தாவது நொடியில் நம் கண்ணில் படுவது வெறும் விளைவு. காரணம் இன்னும் 20 நொடி கழித்து, வேறொரு இடத்தில் வந்து விழுகிறது. நான் எடுத்த மாதிரிக் கோடில் அந்த இடத்தில் ஒரு காலி கேட்ச் பிளாக் (எர்ரர் வந்தால் என்ன செய்வது என்று எழுதும் பகுதி). காரணம் வந்த சுவடே தெரியாமல் போய்விட்டது. கற்றுக்கொடுக்க எழுதிய கோடில் எர்ரரை விழுங்கி வைப்பவர்களை என்ன சொல்வது?

கடைசியில் கண்டுபிடித்த காரணம்: டேட்டாபேஸோடு இணைய அனுமதிக்கப்பட்ட ஐபி (இணைய முகவரி) பட்டியலில் என் லேப்டாப் இருந்தது, சர்வர் இல்லை. சரி, சேர்த்துவிடலாம் என்றால் அந்த ஹோஸ்டிங்கில் வெளியே போகும் ஐபி நிலையானது இல்லை. இன்று சேர்த்தால் அடுத்த முறை கோடை ஏற்றும்போது மாறிவிடும். இதற்கு என்ன வழி என்று தேடினால் எங்கு பார்த்தாலும் ஒரே பதில்: 0.0.0.0/0 போடுங்கள், வேலை செய்யும்.

வேலை செய்யும்தான். உலகத்தில் இருக்கும் எல்லா ஐபிக்கும் கதவைத் திறந்துவிட்டால் ஏன் வேலை செய்யாது? 2016 கடைசியிலும் 2017 தொடக்கத்திலும் பாஸ்வேர்டு கூட இல்லாமல் இணையத்துக்குத் திறந்து கிடந்த டேட்டாபேஸ்கள் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டு, பிட்காயின் கேட்டு ஒரு குறிப்பு மட்டும் விட்டுவைக்கப்பட்டிருந்தது. அத்தனை நடந்த பிறகும் இதைத்தான் முதல் பாடமாகச் சொல்லித்தருகிறோம். நிலையான ஐபியோ தனிப்பட்ட நெட்வொர்க் இணைப்போ வேண்டுமென்றால் பெரும்பாலும் காசு கட்ட வேண்டும். புதிதாகக் கற்றுக்கொள்ள வருபவர் எங்கே போவார்?

பாஸ்வேர்டு இருக்கிறதே என்பார்கள். அந்தக் கதையையும் கேளுங்கள். பாஸ்வேர்டில் @ இருந்தால் ஸ்ட்ரிங்கில் அதை %40 என்று மாற்றி எழுத வேண்டும். இல்லையென்றால் @ வந்த இடத்திலேயே பாஸ்வேர்டு முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, மிச்சம் இருப்பதை சர்வர் பெயர் என்று நினைத்துத் தேடப் போகிறது. அப்புறம் "இப்படி ஒரு ஹோஸ்ட் இல்லை" என்று அந்த மிச்சத்தையே எர்ரரில் அச்சடிக்கிறது. என் பாஸ்வேர்டின் பின்பாதி சர்வர் லாகில் பளிச்சென்று கிடந்தது. கதவு உலகத்துக்கே திறந்திருக்கும்போது மிஞ்சியிருக்கும் ஒரே பூட்டு அதுதான். உடனே பாஸ்வேர்டை மாற்றினேன்.

ஒரு வழியாக ஒரு மணிக்கு கனெக்ட் ஆனது. ஸ்டேட்டஸ் 200, அதாவது எல்லாம் சரி. உள்ளே வந்தது [] மட்டும். டேட்டா அங்கேதான் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன், ஆனால் காலிப் பட்டியல் வருகிறது! ஸ்ட்ரிங்கின் முடிவில் டேட்டாபேஸ் பெயர் கொடுக்கவில்லை என்றால் 'டெஸ்ட்' என்ற பெயரில் ஒன்றைத் தானாகவே எடுத்துக்கொள்கிறதாம். பெயரைக் கொடுத்தேன், அப்போதும் []. மாடலுக்கு (கோடில் டேட்டாவின் வடிவத்தைச் சொல்லும் பகுதி) 'பெர்சன்' என்று பெயர் வைத்தால் மங்கூஸ் அதைப் பன்மையாக்கி 'பீப்பிள்' என்ற கலெக்‌ஷனில் போய்த் தேடுகிறது. என் கலெக்‌ஷன் பெயர் 'பெர்சன்'. இல்லாத டேபிளைக் கேட்டால் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் "அப்படி ஒன்று இல்லை" என்று அந்த நொடியே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும். இங்கே இல்லாததைக் கேட்டாலும் எல்லாம் நலம் என்று 200. ஸ்கீமா (முன்கூட்டியே வகுத்த அமைப்பு) இல்லாத சுதந்திரம் என்கிறார்கள். எழுத்துப்பிழைக்கும் சரியான பெயருக்கும் வித்தியாசம் சொல்லாத ஒன்றை என்னால் சுதந்திரம் என்று ஏற்றுக்கொள்ளவே முடியாது.

இன்று காலையில் முதல் வேலையாக பஃபரிங்கை அணைத்தேன். டிரைவர் தேடும் 30 நொடியை 5 நொடியாகக் குறைத்தேன். டேட்டாபேஸ் கிடைத்த பிறகுதான் சர்வர் போர்ட்டைத் திறக்க வேண்டும், கிடைக்காவிட்டால் காரணத்தை முழுதாக லாகில் எழுதிவிட்டு அங்கேயே நிற்க வேண்டும் என்று மாற்றினேன். மொத்தம் ஆறு வரி. இந்த ஆறு வரியை ஏன் ஒரு டுடோரியலும் முதல் பக்கத்தில் போடவில்லை?