ஒத்துக்காரர் போட்ட ஆல்பம்

(வைகாசி முகூர்த்தம். கும்பகோணம் – மயிலாடுதுறை சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டு. தாலி கட்டி ஒரு மணி நேரம் ஆகிறது. மேளக்காரர்களைச் சாப்பிட இன்னும் யாரும் கூப்பிடவில்லை. அண்டா கழுவுகிற தண்ணீர் ஓடி வராத இடமாகப் பார்த்து இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் நாயனத்துக்குப் பின்னால் விடாமல் சுருதி கொடுக்கும் குழலான ஒத்து ஊதுகிறவர், வயது 56. இன்னொருவர் தாளம் போடுகிறவர், முப்பதைத் தொடவில்லை. நாயனக்காரரும் தவில்காரரும் எங்கே என்றால், மேடையில் மாப்பிள்ளையோடு போட்டோவுக்கு நிற்கிறார்கள். வேறெங்கே இருப்பார்கள்?)

தாளம்: என்னண்ணே, காலைலேர்ந்து மொகமே ஒரு தினுசா இருக்கு?

ஒத்து: ஆல்பம் போட்டிருக்கேன்டா.

தாளம்: பாப்பாவுக்கு முடிஞ்சிருச்சா! ஒரு வார்த்தை சொல்லலியே. எந்த ஊரு மாப்பிள்ளை?

ஒத்து: கல்யாண ஆல்பம் இல்லடா. வாசிச்சு ரெக்கார்டு பண்ணின ஆல்பம். என்னோட தனி ஆல்பம்.

தாளம்: நாயனம் எப்பண்ணே கத்துக்கிட்டீங்க?

ஒத்து: நாயனம் எதுக்கு? ஒத்துதான்.

தாளம்: வெறும் ஒத்தா?

ஒத்து: வெறும் ஒத்து.

தாளம்: அண்ணே, ஒத்துல விரல் வைக்க ஓட்டையே கிடையாது. அடியில இருக்கிறதும் சுருதி சேர்க்க மெழுகு அடைக்கிற ஓட்டை. வர்றது ஒரே சுரம்.

ஒத்து: எனக்கே பாடம் எடுக்கிறியா?

தாளம்: சரி, எத்தனை பாட்டு?

ஒத்து: எட்டு.

தாளம்: முதல் பாட்டு?

ஒத்து: ஸ.

தாளம்: ரெண்டாவது?

ஒத்து: ஸ.

தாளம்: மூணாவதைக் கேக்கலாமா, வேணாமா?

ஒத்து: கிண்டல் பண்ணாத. முதல்ல வர்றது சாமி புறப்பாட்டுக்கு மல்லாரிக்குப் பின்னால ஊதுற ஸ. ரெண்டாவது தோடிக்கு ஊதுறது. நாலாவது நலங்கு. அஞ்சாவது கெட்டிமேளம். தவில் அடிக்கிற அடியில என் சுருதி என் காதுக்கே எட்டினதில்ல. கெட்டிமேளத்துல நான் எப்படி ஊதுறேன்னு 40 வருஷம் கழிச்சு இப்பதான் கேட்டேன். நல்லாத்தான்டா ஊதியிருக்கேன்.

தாளம்: ரெக்கார்டிங் பையன் என்ன சொன்னான்?

ஒத்து: அவன் நல்ல பையன்தான், விவரம் பத்தாது. உக்காந்ததும், "ஐயா, சுருதிக்கு எதைப் போட?"ன்னான்.

தாளம்: ஐயய்யோ.

ஒத்து: நான்தான்டா சுருதின்னேன். அவனுக்கு நம்பிக்கை வரல, ரெண்டரைக் கட்டையில ஒரு பெட்டியை ஆன் பண்ணி வச்சுட்டான். பெட்டி நமக்குச் சேரலை. கழட்டச் சொல்லிட்டேன். அப்புறம் சொல்றான், "மூச்சு எடுக்கிற இடத்துல கைகாட்டுங்க, அங்க வெட்டி ஒட்டிக்கிறேன்"னு.

தாளம்: நீங்கதான் நடுவுல மூச்சே விட மாட்டீங்களே.

ஒத்து: கன்னத்துல காத்தை நிறுத்திக்கிட்டு மூக்கால இழுத்துக்கிட்டே ஊத ஆரம்பிச்சேன். 10 நிமிஷம் ஆச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பையன் குதிக்கிறான். திரையில கோடு ஏறவுமில்ல, இறங்கவுமில்லயாம். கம்ப்யூட்டர் நின்னு போச்சுன்னு நெனச்சு ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டான். முதல் டேக் போச்சு.

தாளம்: அடப்பாவி.

ஒத்து: ரெண்டாவது டேக்குக்கு டீ குடிக்கப் போயிட்டான். திரும்பி வந்து பார்த்தா நான் ஊதிக்கிட்டே இருக்கேன். அதுக்கப்புறம் சொன்னான் பாரு ஒண்ணு, வயிறு எரிஞ்சு போச்சு. "ஐயா, ஒரு நிமிஷம் நல்லா ஊதிக் குடுத்துருங்க, மீதியை நான் அப்படியே நீட்டிக்கிறேன்"னான்.

தாளம்: அவன் சொல்றதுலயும் ஒரு இது இருக்குல்லண்ணே?

ஒத்து: என்னடா இது இருக்கு? எனக்கு 16 வயசு. வாத்தியார் சொன்னார், "ரெண்டு வருஷம் ஒத்து ஊது, மூச்சு நிக்கட்டும், அப்புறம் நாயனத்தைக் கையில தரேன்"னு. அந்த ரெண்டு வருஷம்தான்டா இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. அதை இவன் ஒரு நிமிஷத்துல முடிக்கிறேங்கிறான்.

(உள்ளே சாம்பார் வாளி போகிறது. இருவர் கண்ணும் கூடவே போய்த் திரும்புகின்றன.)

தாளம்: அண்ணே, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? ஆல்பத்துல ஒரு ஓரமா என் தாளத்தையும் சேத்திருக்கலாமே.

ஒத்து: நீ ஜால்ரா தட்டினா அது எப்படித் தனி ஆல்பம் ஆகும்?

தாளம்: பாத்தீங்களா, நீங்களே ஜால்ராங்கிறீங்க.

ஒத்து: சரி விடு. நம்ம ரெண்டு பேருமே அந்த விஷயத்துல நொந்தவங்கதான். அரசியல்ல எவனையாவது திட்டணும்னா ஒண்ணு ஒத்து ஊதுறான்றாங்க, இல்ல ஜால்ரா போடுறான்றாங்க. தவில் அடிக்கிறான்னு எவனாவது திட்டுறானா? அங்க ஒத்து ஊதுறவனுக்குக் காரு, பங்களா. நெசமாவே ஊதுற எனக்குக் கடைசிப் பந்தி.

தாளம்: அட்டையில உங்க படம் போட்டாச்சா?

ஒத்து: அங்கதான் மாட்டிக்கிட்டேன். இத்தனை கல்யாணத்துக்கு ஊதியிருக்கேன், எந்த ஆல்பத்துலயும் நான் முழுசா இல்ல. ஒரு படத்துல முழங்கை இருக்கு. ஒண்ணுல ஒத்தோட அடிவாய், அந்த அணசு மட்டும் தெரியுது. கடைசியில ரேஷன் கார்டு போட்டோவைக் குடுத்தேன்.

தாளம்: திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கெல்லாம் எப்படிப் படம் இருக்கு!

ஒத்து: அவர் போயி, 1956லேர்ந்து கணக்குப் போடு, எவ்வளவு வருஷம் ஆச்சு! இன்னமும் தோடின்னா அவருதான். இசைத்தட்டுக்கு ஒரு பக்கம் மூணு நிமிஷம் சொச்சம், அதுக்குள்ள என்ன பண்ணியிருக்கார்! பின்னால சுருதி ஒண்ணு கேக்கும் பாரு, அதைப் போட்டவர் பேர் தெரியுமா உனக்கு?

தாளம்: தெரியாதுண்ணே.

ஒத்து: எனக்கும் தெரியாது. அதனாலதான் 6,000 ரூபா செலவு பண்ணினேன்.

தாளம்: வீட்டுல அண்ணி கேட்டாங்களா?

ஒத்து: போட்டுக் காட்டினேன். "பக்கத்து வீட்டுல மோட்டாரை நிறுத்த மறந்துட்டாங்க"ன்னு எழுந்து போயிட்டா.

தாளம்: எனக்குக் காட்டுங்கண்ணே.

(செல்போனைக் காதில் வைத்துக்கொள்கிறான். கண்ணை மூடுகிறான். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். வலது கை தானாகத் தொடையில் ஆதி தாளம் போடத் தொடங்குகிறது.)

ஒத்து: என்ன தெரியுது?

தாளம்: காம்போதிண்ணே. நல்லா விளம்பமா வருது.

ஒத்து: நான் மனசுல தோடியை ஓட விட்டுத்தான் ஊதினேன். சரி, உனக்கு எது வருதோ அது.

தாளம்: விக்குமாண்ணே இது?

ஒத்து: முதல் ஆர்டரே வந்துருச்சு.

தாளம்: நெசமாவா? யாரு?

ஒத்து: நம்ம நாயனக்காரர். வாட்ஸப்புல வாங்கிக் கேட்டார். "அட, சுருதி இம்மியும் அசையலியே"ன்னார். 40 வருஷத்துல அவர் என்னைப் பாத்து நல்லாருக்குன்னு சொன்னது அன்னிக்குத்தான். கண்ணு கலங்கிருச்சு.

தாளம்: இருக்காதா பின்னே.

ஒத்து: கலங்கின கண்ணைத் தொடைக்கிறதுக்குள்ள அடுத்தது சொன்னார். "சுருதிப்பெட்டி ஈ மொய்க்கிற மாதிரி இருக்கும், எனக்குப் புடிக்காது. இது நம்ம ஒத்து. அடுத்த முகூர்த்தத்துலேர்ந்து இதையே ஸ்பீக்கர்ல போட்டுக்கலாம்"னு.

தாளம்: (சற்று நேரம் கழித்து) அண்ணே, என் தாளத்தை அதுல சேக்காதது ரொம்ப நல்லதாப் போச்சு.

ஒத்து: ம்.

தாளம்: அப்ப நீங்க?

ஒத்து: ஸ்பீக்கரைத் தூக்கிட்டு வந்து ஆன் பண்ண ஒரு ஆள் வேணும்ல. கரண்ட் போனா ஊதவும் ஆள் வேணும். அதே சம்பளம்னு பேசி முடிச்சுட்டேன்.

தாளம்: ஊதாமலே சம்பளம். பெரிய வித்வானுக்குக்கூட அது நடக்காதுண்ணே.

ஒத்து: இதுல அவர் ஒண்ணை யோசிக்கலடா. இத்தனை வருஷமா அவர் பக்கத்துல உக்காந்திருக்கேன், வாயில சீவாளி. காந்தாரம் எங்கெங்க நழுவுது, மேல போகும்போது எந்த எடத்துல மழுப்புறார், எல்லாம் காதுல விழுது. ஒரு வார்த்தை சொல்ல முடியல. வாசிச்சு முடிச்சு என் பக்கம் திரும்புவார், நான் தலையாட்டுவேன். அடுத்த முகூர்த்தத்துல வாய் சும்மா இருக்கும்.

(உள்ளேயிருந்து குரல்: "மேளக்காரங்கள்லாம் சாப்பிட வாங்கப்பா!")

தாளம்: அண்ணே, சபையில வச்சேவா சொல்லப் போறீங்க?

ஒத்து: நோட்டு போட்டு எழுதி வச்சிருக்கேன். ரெண்டாவது நோட்டு. எழுந்திரு, அப்பளம் தீர்ந்துடப் போவுது.