கை வரல்லையாம்!

"கை வரல்ல மச்சான்." கையில் நல்ல கார்ட் வரவில்லை என்கிற இந்த வார்த்தையை இனி யாராவது என் காதுபடச் சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பிப் போய்விடுவேன். அவ்வளவு ஆத்திரம்.

போன மாதம் கொழும்பில் ஒரு கடையில் யூ-கி-ஓ மூவர் அணிப் போட்டி நடந்தது. ஆளாளுக்குத் தானே சேர்த்த கட்டோடு, அதாவது டெக்கோடு, ஆடும் கார்ட் விளையாட்டு அது. மட்டக்களப்பிலிருந்து நாங்கள் மூன்று பேர் போனோம். 300 கிலோமீற்றருக்கு மேல், இரவு பஸ். டிக்கெட், பதிவுக் காசு, சாப்பாடு எல்லாவற்றையும் மூன்றாகப் பிரித்தோம். எங்களில் ஒரு தம்பி இன்னும் படிக்கிறான், வகுப்பெடுத்துச் சேர்த்த காசைக் கொண்டுவந்தான். இதை எல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த மேசையில் இருந்தது ஒருவனுடைய ஆட்டம் மட்டும் இல்லை.

மூன்று மேசையில் இரண்டு வென்றால் அணி வெற்றி. மூன்றாவது சுற்றில் நான் வென்றேன், தம்பி தோற்றான். மிச்சம் கூட்டாளியின் மேசை. அங்கே ஒன்றுக்கு ஒன்று, கடைசி ஆட்டம். முந்தைய ஆட்டத்தில் தோற்றவன் எதிராளி, அதனால் யார் முதலில் ஆடுவது என்பது அவன் கையில். அவனே முதலில் ஆடினான். மான்ஸ்டர் கார்ட்களை மேசையில் இறக்கிக்கொண்டே போகிறான். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. இந்த மாதிரி ஆட்டத்தை நிறுத்தவென்றே நிபிரு என்று ஒரு கார்ட் இருக்கிறது. ஒரே முறையில் எதிராளி ஐந்து மான்ஸ்டரோ அதற்கு மேலோ இறக்கினால், கையிலிருந்து நிபிருவைப் போட்டு மேசையில் முகம் தெரியக் கிடக்கும் மான்ஸ்டர்களை எல்லாம் வழித்தெடுக்கலாம். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நெஞ்சு அடித்தது. போடுடா, போடுடா என்று மனதுக்குள் கத்தினேன். போடவில்லை. கையில் இல்லை.

கூட்டாளி எழும்பி வந்து சொன்ன முதல் வார்த்தை: "கை வரல்ல மச்சான்."

சரி, அதிர்ஷ்டம் இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன்.

"எத்தின நிபிரு வெச்சிருந்த?"

"ஒண்டு."

"டெக்கில மொத்தம் எத்தின?"

"அறுவது."

"மத்த ரெண்டு நிபிருவும் எங்க?"

மடியில் கிடந்த கார்ட் அல்பத்தைத் தட்டிக் காட்டினான். அதற்குள் இருக்கிறதாம்! கொழும்பு வரைக்கும் கூடவே வந்து, போட்டி முடியும் வரை பைக்குள் படுத்திருந்து, எங்களோடு மட்டக்களப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தன அந்த இரண்டும். அதற்குப் பிறகு விடியும் வரை எனக்குத் தூக்கம் இல்லை.

விதி என்ன? மெயின் டெக்கில் குறைந்தது 40, கூடினது 60. ஒரே கார்ட் மூன்று வரை வைக்கலாம். ஆட்டம் தொடங்கும்போது கையில் ஐந்து. எதிராளி முதலில் ஆடினால் அந்த ஐந்தை வைத்துத்தான் அவனைத் தடுக்க வேண்டும், வேறு வழியில்லை. 60 கார்ட்டில் ஒன்று இருந்தால் அது அந்த ஐந்துக்குள் வருவது பன்னிரண்டு ஆட்டத்துக்கு ஒருமுறை. அதே கார்ட் 40இல் மூன்று இருந்தால் ஏறக்குறைய 34 வீதம், அதாவது மூன்று ஆட்டத்துக்கு ஒருமுறை. பன்னிரண்டுக்கு ஒன்று எங்கே, மூன்றுக்கு ஒன்று எங்கே! இது ஓ.எல். வகுப்பில் பையில் இருந்து சிவப்புப் பந்து எடுத்த அதே கணக்கு. நம் ஆட்கள் எல்லோரும் அந்தப் பரீட்சையைப் பாஸ் பண்ணியவர்கள்தான்.

எனக்கு ஒரு எண்ணம் உண்டு. இந்தப் பேச்சு எங்களுக்கு முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டத்தில் இருந்து வந்தது. மாமாமார் செத்த வீட்டுப் பந்தலில் விடிய விடிய விளையாடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கே 32 கார்ட், ஆளுக்கு எட்டு. முதல் நாலைப் பார்த்துவிட்டு எத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேட்க வேண்டும், துரும்பு கவிழ்க்க வேண்டும். பெறுமதி கூடின ஜாக்கும் ஒன்பதும் வந்தால் வந்தது, வராவிட்டால் ஏழையும் எட்டையும் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அங்கே ஒரு மனிதன் "கை வரல்ல" என்றால் நியாயம். அந்தக் கட்டை அவர் செய்யவில்லை. நாலு பேருக்கும் ஒரே கட்டு.

இங்கே கட்டைச் செய்தது யார்? நீ. ஒவ்வொரு கார்ட்டையும் உன் கையால் எடுத்து, உறை போட்டு, அடுக்கி வைத்தது நீ. ஆயிரக்கணக்கான கார்ட்டில் இருந்து உனக்கு வேண்டியதைப் பொறுக்கி எடு என்று விட்ட விளையாட்டு இது. இதில் பாதி ஆட்டம் மேசைக்கு வரமுன்னமே வீட்டில் முடிந்துவிடும். அந்தப் பாதியைச் செய்யாமல் விட்டுவிட்டுக் கையைக் குறை சொன்னால் எப்படி?

காரணம் எனக்குத் தெரியும். டெக்கில் இருந்து கார்ட்டைக் குறைக்க மனம் வரவில்லை. சனிக்கிழமைகளில் கல்லடியில் ஒரு கூட்டாளி வீட்டு விறாந்தையில் கூடுவோம். கடல் காற்று கார்ட்டை அள்ளிக்கொண்டு போகும் என்பதால் உள்பக்கம் தள்ளித்தான் மேசை போடுவோம். ஒவ்வொரு கிழமையும் இதே கதைதான் நடக்கும். "இதை எடுடா" என்றால், "இல்ல, இது சின்ன வயசில கார்ட்டூனில பாத்தது." "அப்ப இதை எடு." "ஐயோ, அது அண்ணன் வெளிநாட்டில இருந்து அனுப்பினது." "சரி, இது?" "இது ஒருக்கா வந்தா ஆட்டமே முடிஞ்சிடும் மச்சான்." ஒருக்கா வந்தால்! அந்த ஒருக்காவுக்காக மற்றப் பதினொரு ஆட்டத்தையும் தாரை வார்க்கிறான். நினைவுக்கு வைத்திருக்கும் கார்ட்டுக்கு இடம் அல்பம். அங்கே வை, தினமும் எடுத்துப் பார், எனக்கும் காட்டு. நானும் ஆசையாகப் பார்ப்பேன். டெக்குக்குள் வைக்காதே.

அதிலும் அந்த மினுங்கும் கார்ட்கள். எங்கள் ஊர் ஈரக் காற்றில் அவை வளைந்துவிடும். கட்டை மேசையில் வைத்தால் எது எங்கே இருக்கிறது என்று பக்கவாட்டில் பார்த்தே சொல்லலாம். போட்டியில் நடுவர் கண்ணில் பட்டால் அடையாளம் வைத்த கார்ட் என்று தண்டனை. இதையும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

காசு இல்லை என்று சொல்பவனிடம் நான் கோபப்பட மாட்டேன். 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை போனபோது எத்தனை பேர் இந்த விளையாட்டையே விட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நல்ல கார்ட் ஒன்று வாங்க மாதக்கணக்கில் காத்திருந்தவன்தான் நானும். இல்லாத கார்ட்டை வை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் டெக்கில் இருந்து இருபது கார்ட்டை எடுப்பதற்கு ஒரு சதம் செலவில்லை. அல்பத்தில் இருக்கும் உன் சொந்த நிபிருவை எடுத்து உள்ளே வைக்கவும் செலவில்லை.

"பெரிய ஆட்களே 60 விளையாடுறாங்களே" என்று ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். ஓம், விளையாடுகிறார்கள். 'தட் கிராஸ் லுக்ஸ் கிரீனர்' என்ற கார்ட்டுக்காக விளையாடியிருக்கிறார்கள். எதிராளியின் டெக்கை விட உன் டெக்கில் எத்தனை கூட இருக்கிறதோ அத்தனையையும் அது கல்லறைக்கு, அதாவது ஆடி முடிந்த கார்ட் போகும் இடத்துக்கு, அனுப்பும். கல்லறையில் இருந்து வேலை செய்யும் கார்ட்களாகப் பார்த்து நிரப்பியவனுக்கு 60 என்பது பலம். கையில் வரவே கூடாத கார்ட்டைப் பெரிய கட்டுக்குள் ஒளித்து வைக்க 60 போட்டவர்களும் உண்டு. அவர்கள் யோசித்துப் போய் நின்ற இடம் அது. நீ எடுக்க மனமில்லாமல் போய் நிற்கிற இடம் வேறு. எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடுமா?

சைட் டெக்கைப் பற்றிப் பேசினால் இன்னும் வயிறு எரியும். முதல் ஆட்டம் முடிந்ததும் எதிராளிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள் என்று 15 இடம் தருகிறார்கள். நம் ஆள் அதில் என்ன வைத்திருந்தான் தெரியுமா? மெயின் டெக்கில் இடம் கிடைக்காத மிச்சம் மீதி. இரண்டாவது ஆட்டத்துக்கும் மூன்றாவது ஆட்டத்துக்கும் இடையில் அந்தப் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. எதிரே இருந்தவன் நிதானமாக ஆறு கார்ட்டை மாற்றினான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அணிப் போட்டியில் கூட்டாளியோடு பேச விட்டார்கள், "மாத்துடா" என்றும் சொன்னேன். "வேணாம் மச்சான், வெண்ட டெக்கைக் குழப்பக் கூடாது" என்றான்.

கடைசியாக ஒன்று சொல்வார்கள்: "விளையாட்டுத்தானே, ஏன் இவ்வளவு சூடாகிற?" விறாந்தையில் விளையாட்டுத்தான். அங்கே நீ 60 வை, பிடித்ததெல்லாம் வை, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் தம்பி வகுப்பெடுத்த காசில் கொழும்புக்கு வந்திருக்கிறான். அவன் டெக் 40. மூன்று கிழமை என்னோடு இருந்து, தனக்கு மிகவும் பிடித்த டிராகனை எடுத்து வைத்துவிட்டு வந்தவன். பஸ்ஸில் அவன் ஒன்றும் பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பியபடி இருந்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது. வரும் சனிக்கிழமை அந்த 60ஐயும் மேசையில் பரப்பச் சொல்லியிருக்கிறேன். இருபத்திரண்டு வெளியே போக வேண்டும், இரண்டு நிபிருவும் உள்ளே வர வேண்டும், ஒவ்வொரு கார்ட்டும் ஏன் இருக்கிறது என்று எங்கள் தம்பிக்கு அவன் சொல்ல வேண்டும். அதுவரை அணியின் மூன்றாவது பெயரை நான் எழுதப் போவதில்லை.