விண்வெளி வீரர்களுக்கு வைரஸ் எங்கிருந்து வருகிறது?

விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஏதோ புது வைரஸ் வீரர்களைத் தொற்றுகிறது, 'பாதிப் பேருக்கு மேல் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது' என்ற செய்தியே அதற்குச் சான்று என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். எண்ணிக்கை சரிதான். அந்த வைரஸ்கள் புதியவை அல்ல, விண்கலத்தில் ஏறும்போதே உடலுக்குள் இருந்தவை.

சின்னம்மை வந்து போனவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கொப்புளம் ஆறினாலும் வைரஸ் போவதில்லை. தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் உறங்கும். நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டி செல்கள்தான் அதை அடக்கி வைக்கின்றன. விண்வெளிப் பயணத்தில் கார்டிசால் போன்ற மன அழுத்த ஹார்மோன்கள் கூடி, டி செல்களும், என்.கே. எனும் இன்னொரு வகை எதிர்ப்புச் செல்களும் மந்தமாகும்போது அது விழித்துக்கொள்கிறது. வயதானவர்களுக்கு அக்கி வருவதும் இதே வழியில்தான்.

செய்தியின் மூலம், 2019இல் 'ஃபிரான்டியர்ஸ் இன் மைக்ரோபயாலஜி' இதழில் நாசா ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை. குறுகிய ஷட்டில் விண்கலப் பயணங்களில் 89 பேரில் 47 பேருக்கும், நீண்ட பயணங்களில் 23 பேரில் 14 பேருக்கும் எச்சிலிலோ சிறுநீரிலோ ஹெர்பெஸ் குடும்ப வைரஸ்கள் (சின்னம்மை வைரஸும் இதில் ஒன்று) தெரிந்தன. அறிகுறி வந்தது 6 பேருக்கு மட்டும். இந்தக் கடைசி எண்ணைச் செய்திகள் விட்டுவிடுவது வருத்தம்.

கட்டுரை இலவசம். இதழின் தளத்தில் 'ஹெர்பெஸ்', 'விண்வெளிப் பயணம்' என்பவற்றை ஆங்கிலத்தில் தேடுங்கள். தலைப்பிலேயே 'மறுசெயல்பாடு' என்ற பொருள்தரும் சொல் இருக்கும். பிறகு வைரஸ் பெயர்களைப் பாருங்கள்: சின்னம்மை, எப்ஸ்டீன்-பார், சைட்டோமெகலோ, உதட்டுக் கொப்புளம் தரும் ஹெர்பெஸ். நான்குமே பூமியில் பெரும்பாலான பெரியவர்களின் உடலில் இருப்பவை.