வெல்ஸ் பேராலயத்தின் கத்தரிக்கோல்

இங்கிலாந்தின் வெல்ஸ் பேராலயத்துக்குப் போய்வந்த நண்பர் ஒருவர், அங்கே எடுத்த படத்தை அனுப்பி, "இவ்வளவு அழகான கோயிலுக்கு நடுவே இந்தப் பெருக்கல் குறியை யார் கொண்டுவந்து வைத்தது?" என்று கேட்டிருந்தார். அவரை மட்டும் சொல்வானேன்! அதைப் போன நூற்றாண்டுக் கான்கிரீட் வேலை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

எனக்கோ அந்தக் கட்டடத்திலேயே பிடித்த இடம், பெருக்கல் குறிபோல் குறுக்கே நிற்கும் அந்தக் கத்தரிக்கோல் வளைவுதான்.

1313இல் தொடங்கி நடுக்கோபுரத்தை உயர்த்தி, அதன் உச்சியில் ஈயம் வேய்ந்த மரக் கூம்பையும் ஏற்றினார்கள். பழைய அஸ்திவாரம் அந்தப் பாரத்துக்காகப் போட்டதல்ல. மண் அமுங்கியது, 1338 வாக்கில் கோபுரம் விரிசல் விட்டது. 1322இல்தான் இங்கிலாந்தின் இன்னொரு ஊரான ஈலியில் பேராலயத்தின் நடுக்கோபுரம் அப்படியே சரிந்து விழுந்திருந்தது. அந்தச் சேதி வெல்ஸ்காரர்கள் காதில் விழாமலா இருந்திருக்கும்?

தலைமைக் கொத்தனார் வில்லியம் ஜாய், கோபுரத்தைத் தாங்கும் பெரிய வளைவுகளில் மூன்றின் இடைவெளிக்குள் கூர்முனை வளைவு ஒன்றை எழுப்பி, அதன் உச்சியில் இன்னொரு வளைவைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்தார். இரண்டும் முட்டும் இடத்துக்கு இருபுறமும் ஆந்தைக் கண்போல ஒரு பெரிய வட்டத் துளை. வளைவு என்பது சும்மா நிற்பதில்லை; இரண்டு பக்கமும் வெளிநோக்கி உதைத்துக்கொண்டே இருக்கும். மற்ற இடங்களில் அந்த உதைப்பை அடக்கத்தான் முட்டுச்சுவர் கட்டுவார்கள். ஜாய் அந்த உதைப்பையே வேலைக்கு அமர்த்திக்கொண்டார். உள்வாங்கப் பார்க்கும் தூண்களை அது நெட்டி நிறுத்துகிறது. தொங்கும் சங்கிலியைக் கவிழ்த்தால் கிடைப்பதே வளைவு நிற்கும் வடிவம் என்று ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக், எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டது 1675இல். இவர்கள் 1348க்குள் வேலையை முடித்துவிட்டார்கள்.

மேற்கு வாசலில் நுழைந்ததும் கிழக்கு ஜன்னல்வரை ஓடவேண்டிய பார்வை இதில் போய் முட்டிக்கொள்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால், எங்கள் வீட்டு மாடிச் சுவர் விரிசல் விட்டபோது வந்த கொத்தனார் பட்டி பூசி, மேலே பெயிண்ட் அடித்து, கண்ணாடிபோல் ஆக்கிக் கொடுத்தார். இரண்டு மழைக்காலம் தாங்கியது. மூன்றாவதில் அதே இடத்தில் அதே கோடு. அன்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ரிப்பேர் எதையும் நான் நம்புவதில்லை. ஜாய் எதையும் மறைக்கவில்லை. கோபுரம் இறங்கியது, இதோ முட்டுக் கொடுத்திருக்கிறோம் என்று கோயிலின் நட்டநடுவிலேயே நிறுத்திவிட்டார்.

இங்கிலாந்தின் சாலிஸ்பரி பேராலயத்திலும் இதே கதைதான். 123 மீட்டர் கூம்பின் கீழே நின்று அண்ணாந்தால், தூண்கள் வளைந்திருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். அங்கும் முட்டு வளைவுகள் உண்டு. வருகிறவர்களோ கூம்பைப் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

வெல்ஸில் இத்தனை வேலை வைத்த அந்த மரக் கூம்பு 1439இல் தீப்பிடித்து எரிந்துபோனது. திரும்பக் கட்டவில்லை. பெருக்கல் குறி மட்டும் அங்கேயே இருக்கிறது. அந்த ஆந்தைக் கண்களைக் கிட்டப்போய் எடுத்த படம் இருந்தால் அனுப்பும்படி நண்பரிடம் கேட்டிருக்கிறேன்.