இளநீர் வந்த நேரம்

காரைக்குடி விழாக் காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். நிழற்பந்தலில் நின்று சிறப்பு விருந்தினர் ராணுவத் தலைமைப் பண்பைப் பற்றி முழங்குகிறார். எதிரே வெயிலில் என்.சி.சி. பிள்ளைகள். ஒரு பெண் மயங்கி விழுகிறாள், பேச்சு நிற்கவில்லை.

அவர் எடுத்துச் சொன்னது, 1932இல் டேராடூன் ராணுவ அகாடமித் திறப்பு விழாவில் அன்றைய தலைமைத் தளபதி செட்வுட் பேசியது. முதலில் நாட்டின் பாதுகாப்பு, மானம், நலம். அடுத்து உன் வீரர்களின் மானம், நலம், வசதி. உன் சுகம் எப்போதும் கடைசி. இந்தக் கடைசி வரியைப் படிக்கும்போதுதான் ஐயாவுக்கு இளநீர் வந்தது.

நான் மதராஸ் ரெஜிமென்ட்காரன். வெலிங்டனில் பயிற்சி, பிறகு காஷ்மீர். எங்கள் கம்பெனி கமாண்டர் லங்கருக்கு, அதாவது சாப்பாட்டுக் கூடத்துக்கு, வந்தால் தட்டைத் தொடமாட்டார். சென்ட்ரியில், அதாவது காவலில், நிற்பவனுக்குச் சாப்பாடு போயிற்றா என்றுதான் முதலில் கேட்பார். பல நாள் அவருக்கு அடிப்பருப்புதான் மிஞ்சியது. நம் ஊர்க் கல்யாணத்தில் வீட்டுக்காரர் கடைசிப் பந்தியில் உட்காருவாரே, அதுபோல அவருக்கு அது இயல்பு. பாடம் எடுத்ததில்லை. தன் சுகம் கடைசி, அவ்வளவுதான்.

'ராணுவம் என்றால் வெயிலில் நிற்கத்தானே வேண்டும்?' வேண்டும். நிற்கச் சொன்னவரும் கூட நிற்பார். 'அவருக்கு வயதாகிவிட்டது.' எனக்கு மட்டும் இளமை திரும்பிவிட்டதா? 'அதிகாரிகளுக்குப் பூட்ஸ் துடைக்க சகாயக் என்று ஒரு உதவியாள் இருந்தாரே?' இருந்தார். அதில் அநியாயமும் நடந்தது. அது வேறு கதை, இங்கே இழுக்காதீர்கள்.

மேஜர் முகுந்த் வரதராஜனின் பெயரைச் சொல்லிச் சிறப்பு விருந்தினர் கைத்தட்டல் வாங்கினார். மேஜர் அந்த மரியாதைக்கு உரியவர்தான். ஆனால் 2020இல் லடாக் எல்லையில் கல்வானில் உயிர்விட்ட ஹவில்தார் பழனி நம் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதிகாரி இல்லை, வெறும் ஹவில்தார் என்றால் கைத்தட்டல் குறையுமோ?

நானும் ஹவில்தாராக ஓய்வு பெற்றவன்தான். கௌரவிக்கிறோம், பதக்கங்களோடு வாருங்கள் என்று முன்னாள் வீரர்களான எங்களை இந்த விழாவுக்கு அழைத்தார்கள். போனதும் கையில் விசிலைக் கொடுத்து, கார்களுக்கு இடம் காட்டச் சொன்னார்கள். காவல் வேலை கேவலம் இல்லை. பூட்டிக் கிடக்கும் எத்தனையோ செட்டிநாட்டு வீடுகளை எங்கள் ஆட்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். அதற்குச் சம்பளம் உண்டு. சம்பளம் கொடுத்துக் கூப்பிடுங்கள், ஊதுகிறோம். பதக்கத்தைக் குத்திக்கொண்டு வரச் சொல்லிவிட்டு விசிலைக் கொடுக்காதீர்கள்.

குடியரசு தினத்துக்கும் அழைப்பு வந்திருக்கிறது. நாற்காலியா, விசிலா என்று கேட்டேன். 'முதலில் வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்' என்றார்கள். நான் போகப்போவதில்லை.